சனிக்கிழமை எண்ணெய்

அடுப்பைப் பற்ற வைத்தது முதலா, அவர் செருமியது முதலா என்பதுதான் செண்பகவல்லிக்குத் தெளிவாகவில்லை. நாற்பது வருஷமாகச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பரமசிவம் முன்னறை நாற்காலியில் இருந்தபடி ஒரு தடவை செருமுவார். அவள் இரும்புச் சட்டியில் நல்லெண்ணெயை ஊற்றி அடுப்பில் வைப்பாள், நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டுப் பொரிந்ததும் இறக்குவாள். புருஷன் பெண்டாட்டிக்குள் இதற்கு வாய்ப்பேச்சு கிடையாது. ஒரு செருமலுக்கு எண்ணெய், இரண்டு செருமலுக்குக் காபி, வாசலைப் பார்த்துச் செருமினால் யாரோ வந்திருக்கிறார்கள். மாடு மேய்க்கிறவன்கூட மாட்டோடு இதைவிடக் கூடுதலாகப் பேசுவான். இன்றைக்கும் அவர் செருமினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் செருமல் காதில் விழுந்தபோது தீக்குச்சி பெட்டிக்குள் இருந்ததா, அவள் விரலில் இருந்ததா, அல்லது அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்ததா? செருமல் முதல் என்றால் அவர் கேட்டார், அவள் செய்தாள், ஊர் உலகத்தில் எந்தப் பெண்டாட்டியும் செய்கிற காரியம். அடுப்பு முதல் என்றால் அதற்குப் பேர் வேறு. அந்தப் பேரை மனசுக்குள்கூட அவள் சொல்லிப் பார்க்கவில்லை. மிளகு பொரிந்தது. சட்டியைத் துணியால் பிடித்து இறக்கினாள்.

பேர் வேறு என்பதற்குக் காரணம் பீரோவில், அரக்குச் சேலையின் மடிப்புக்குள் இருக்கிறது. ஒரு காகிதம். இன்று சாயங்காலம் ஏழு மணிக்குப் பரமசிவம் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க அங்கேயே படுக்க வைத்து, தூங்கும்போது மூச்சு நிற்கிறதா, எத்தனை தரம் நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மிஷின் வைத்துப் பார்ப்பார்கள். அதற்கு எப்படித் தயாராகி வரவேண்டும் என்று தமிழில் அடித்து, நகலெடுத்து நகலெடுத்து எழுத்து கோணிப்போன காகிதம் அது. மத்தியானத்துக்கு மேல் காபி, டீ குடிக்கக் கூடாது. பகலில் தூங்கக் கூடாது. முகம் மழித்திருக்க வேண்டும். நாலாவது வரி: இரண்டு நாள் முன்பிருந்தே தலையிலும் உடம்பிலும் எண்ணெய் தேய்க்கக் கூடாது, ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளித்து வரவும். காகிதத்தை நீட்டியபோது அவருக்குக் கண்ணாடி கையில் இல்லை. "நீ வச்சுக்கோ" என்று அவளிடம் தள்ளிவிட்டு நெஞ்சுப் படம் எடுக்கப் போய்விட்டார். வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுக்குக் காகிதம் கொடுத்த கவுண்டர்ப் பெண்தான் விளக்கிச் சொன்னாள். தலையிலே, தாடையிலே, காலிலே எல்லாம் பசை வச்சு ஒயர் ஒட்டுவோம்மா, எண்ணெய் இருந்தா ஒட்டாது, திருப்பி அனுப்பிருவோம், அப்புறம் அடுத்த தேதி ரெண்டு மாசம் கழிச்சுத்தான் கிடைக்கும். நல்ல பெண், பல்லில் கம்பி போட்டிருந்தாள். டாக்டர் சொன்னது அதற்குப் பிறகு, அவர் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த இடைவெளியில், குரலைத் தாழ்த்தி. இருதயத்துக்கு ரொம்ப வேலை வைக்குதும்மா இது, தள்ளிப் போடக் கூடாது, சில பேர் தூக்கத்துலயே போயிருவாங்க. தூக்கத்துலயே போயிருவாங்க. மூன்று வாரமாக அந்த வாக்கியம் அவளோடு சமையலறைக்கு வந்தது, ரேஷன் கடைக்கு வந்தது, பிள்ளையார் கோயிலைச் சுற்றும்போது கூடவே சுற்றியது. ரெண்டு மாசம் என்றால் அறுபது ராத்திரி.

பின்பக்கம் துணி துவைக்கிற கல்லை ஒட்டிப் பிளாஸ்டிக் ஸ்டூலில் அவர் துண்டோடு உட்கார்ந்திருந்தார். வெயில் அதற்குள் முதுகைச் சுடுகிற வெயிலாக இருந்தது. இரண்டு தெரு தள்ளிக் கடலைமிட்டாய்க்காரர்கள் பாகு காய்ச்சுகிற மணம் வந்தது, கோவில்பட்டியில் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இந்த மணம்தான், அவளுக்கு வெல்லம் என்றாலே இப்போதெல்லாம் குமட்டும். கிண்ணத்தில் விரலை விட்டுச் சூடு பார்த்தாள். உச்சியில் ஒரு கை வைத்தாள். எண்ணெய் வழுக்கையில் நிற்காமல் பிடரிக்கு ஓடியது. பிடரி என்று ஒன்று இப்போது தனியாக இல்லை, தலை அப்படியே தோளில் இறங்குகிறது. டாக்டர் நாடாவால் அளந்து பதினேழரை இஞ்சு என்றார், இவர் ஏதோ மார்க் வாங்கினவர் போலச் சிரித்தார். பதினேழரை இஞ்சு சதைக்குள்ளேதான் குரல்வளை அமுங்கி அடைகிறதாம். அந்தச் சதை மடிப்புக்குள் விரல் போய்ப் போய் வந்தது. மதினிமார் எல்லாம் இந்தக் கழுத்தைப் பார்த்துத்தான் மாப்பிள்ளைக்கு ராஜ கழுத்து என்று சொன்னார்கள், அப்போது இதில் பாதிகூட இல்லை. பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டையும் காக்கி பேண்ட்டும் போட்டுப் புளியமரத்தடியில் நிற்பார். பஸ்ஸைக் கண்டதும் கை காட்டுகிற சாதாரண இன்ஸ்பெக்டர் இல்லை. கண்டக்டருக்கு ஒரு ஸ்டேஜ் முடிந்து அடுத்த ஸ்டேஜ் பிறக்கிற வரைக்கும் டிக்கெட் கிழிக்க அவகாசம் உண்டு, அந்த அவகாசம் கழிந்து அரை கிலோமீட்டர் ஓடட்டும் என்று விட்டு அப்புறம்தான் ஏறுவார். அவனுக்கு எந்தச் சாக்கும் மிஞ்சக் கூடாதுல்லா, என்று வீட்டில் சோறு பிசைந்துகொண்டே சொல்லிச் சிரிப்பார். ஒரு கண்டக்டரின் பெண்டாட்டி கைப்பிள்ளையோடு வாசலில் வந்து அழுதாள். செண்பகவல்லி அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்ததற்கு அன்றைக்கு ராத்திரி ஏச்சு வாங்கினாள்.

"அந்தப் பக்கம்" என்றார் பரமசிவம்.

அந்தப் பக்கம் தேய்த்தாள். இப்போதுகூடச் சொல்லலாம். ஏங்க, இன்னைக்கு எண்ணெய் கூடாதாம்லா, மறந்தே போய்ட்டேன் என்று நெற்றியில் அடித்துக்கொள்ளலாம். ஷாம்பு வாங்கி வந்து மூன்று தரம் தலைக்கு ஊற்றினால் ஒருவேளை போய்விடும். ஒருவேளை போகாது. அவருக்கு ஷாம்பு ஆகாது, அது பொம்பளைப்பிள்ளைகள் போடுவது, சீயக்காய்தான். சீயக்காய்க்குப் போகிற எண்ணெயா இது. உள்ளங்கை நிறைய எடுத்து உச்சியில் தட்டினாள். மறதி என்றால் எத்தனை நாளைக்கு மறதி? நேற்று ராத்திரி பீரோவைத் திறந்து, காகிதத்தை எடுத்து, நாலாவது வரியைப் படித்து, திருப்பி மடித்து வைத்தாளே, அது மறதியில் சேருமா? அடுப்பு முதலா, செருமல் முதலா. செருமல்தான். இல்லை, செருமலின்போது சட்டியிலிருந்து லேசாகப் புகை வந்துகொண்டிருந்தது. புகையைப் பார்த்துத்தான் அவர் செருமினாரோ. அப்படியென்றால் இரண்டுக்கும் இடையில் ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே. அவர் பரிசோதனை, அவர் மூச்சு, அவருக்கு இல்லாத கவலை எனக்கென்ன என்று நினைத்துப் பார்த்தாள். நினைப்பு ஓடவில்லை, கல்லில் தட்டி நின்றது.

கவலை எல்லாம் பட்டுத் தீர்ந்துபோன ஒன்று. அவர் மூச்சைப் பற்றி ஆஸ்பத்திரிக்கு என்ன தெரியும், ஒரு ராத்திரி ஒயர் ஒட்டிப் பார்த்துச் சொல்லப் போகிறார்கள். அவள் எத்தனை ஆயிரம் ராத்திரி பார்த்திருக்கிறாள். முதலில் மரம் அறுக்கிற மாதிரி குறட்டை. அது மேலே மேலே ஏறி, ஒரு இடத்தில் பட்டென்று அறுந்துவிடும். அப்புறம் ஒன்றுமே இருக்காது. மின்விசிறிச் சத்தம் மட்டும். நெஞ்சு ஏறி இறங்க முயற்சி பண்ணும், காற்று போகாது. முதல் தடவை பயந்து அலறிவிட்டாள், எழுந்து கன்னத்தில் ஒன்று வைத்தார். பிறகு அலறவில்லை. முழங்கையால் விலாவில் ஒரு இடி. ஹக்கென்று மூச்சை இழுத்து அந்தப் பக்கம் புரளுவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, பத்துக்குள் இடித்துவிடுவாள். மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே இடித்திருக்கிறாள், காய்ச்சலில் இடித்திருக்கிறாள், தூக்கத்திலேயே கை தானாகப் போய் இடிக்கும். மிஷின் வேணும் மிஷின் வேணும் என்கிறார்களே, முப்பத்தைந்து வருஷம் அவள்தான் மிஷின். கரண்டு போனாலும் நிற்காத மிஷின். காலையில் எழுந்து அவர் சொல்வது, உனக்கென்ன, கட்டை மாதிரி தூங்குத. இந்த நாலு வருஷமாக அவள் இடிப்பதில்லை. எண்ணுவதோடு சரி. பத்து தாண்டும், இருபது தாண்டும். முப்பதில் அவள் வாய் உலர்ந்துபோகும். போன ஆடியில் ஒரு தரம் ஐம்பத்தொன்று. ஐம்பத்தொன்றில் அவர் தானாகவே ஹக்கென்று இழுத்துக்கொண்டார், அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்து அடங்கியது, அது நிம்மதியா ஏமாற்றமா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அது ஒரு வியாழக்கிழமை. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம், மோர். பதினோரு மணி வாக்கில் அவருக்கு ஏதோ போன் வந்தது, வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து பேப்பரை விரித்தார். பன்னிரண்டரைக்கு இலையைப் போடு என்றார். குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார், அதுவே அதிசயம். அதைவிட அதிசயம், நீயும் உக்காந்து சாப்பிட்டுரு என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் சொன்னதில்லை. அவளுக்கு முகம் சிவந்துபோனது, ஐம்பத்தேழு வயசில். எதிரே உட்கார்ந்து, அவர் பார்க்கப் பார்க்க, இரண்டு கத்தரிக்காய் கூடுதலாகப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். மோரும் ஊற்றிக்கொண்டாள். கை கழுவி, துண்டில் துடைத்து, ஏப்பம் விட்டு, அப்புறம் சொன்னார். உங்க அம்மா போய்ட்டா, பதினோரு மணிக்கே உன் தம்பி சொன்னான், கிளம்பு. அப்போதே சொல்லியிருந்தால் சாவுத்தீட்டு, அடுப்பு அணைந்திருக்கும், குழம்பு சாக்கடைக்குப் போயிருக்கும். நீயும்லா பட்டினி கிடந்திருப்ப, என்று வேறு சொன்னார், அதைச் சொல்லும்போது அவர் முகம் அன்பாகவே இருந்தது. அம்மா இருந்த எட்டயபுரம் கூப்பிடு தூரம், அரை மணி பஸ். அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள், கட்டை விரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியாகிவிட்டது. காலில் விழுந்து அழ வாயைத் திறந்தாள், ஏப்பம் வந்தது. கத்தரிக்காய் ஏப்பம். பக்கத்தில் இருந்த சின்னம்மை மூக்கைச் சுளித்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பதினோரு மணிக்குச் சொன்னேன், ரெண்டரைக்கு வாரியேக்கா என்று தம்பி கேட்டான். பஸ் கிடைக்கலை என்றாள் செக்கிங் இன்ஸ்பெக்டர் பெண்டாட்டி. அன்றைக்கு ராத்திரி திரும்பி வந்து குளித்துப் படுத்தபோது, குறட்டை ஏறி ஏறி அறுந்தது. அவள் எண்ணினாள். பத்து வந்தது. முழங்கையைத் தூக்கினாள். தூக்கிய கையைத் தன் நெஞ்சின் மேலேயே வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

துவைக்கிற கல்லின் மேல் வைத்திருந்த அவருடைய போன் அடித்தது. மகள் தமயந்தி, ஓசூரிலிருந்து. அவள் கை முழுக்க எண்ணெய், அவரே ஒற்றை விரலால் தட்டிச் சத்தமாக வைத்தார்.

"அப்பா, கெளம்பிட்டீங்களா? கார் எத்தனை மணிக்கு?"

"நாலரைக்கு வருது" என்றார்.

"அம்மா இருக்காளா? யம்மா, பேப்பர்ல போட்டிருக்கிறபடி எல்லாம் செஞ்சாச்சுல்லா? ஒண்ணும் விட்டுரலையே?"

செண்பகவல்லி அவர் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது வெயிலில் பளபளத்தது.

"ஆச்சு" என்றாள்.

ஆச்சு. ஒரு சொல்தான், அதுவும் சின்னச் சொல். வாய்விட்டுச் சொன்ன பிறகு அடுப்பு முதலா செருமல் முதலா என்று கேட்டுக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. ஆச்சரியம்தான், மனசு லேசாகிவிட்டது. இனி நாலரைக்குக் கார், ஆறு மணிக்குத் திருநெல்வேலி, பல்லில் கம்பி போட்ட பெண் இவர் தலையைத் தொட்டுப் பார்த்து விரலை மோந்து பார்ப்பாள். திருப்பி அனுப்புவார்கள். காரில் வழி நெடுக ஏச்சு விழும், கயத்தாறு தாண்டுகிற வரைக்கும் விழும், விழட்டும். பிறகு அறுபது ராத்திரி. அவர் சாகவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஒரு காலைப் பற்றி மட்டும் நினைத்தாள், அது எப்படி வந்தது, அதற்கு முந்தின ராத்திரி என்ன நடந்தது என்பதற்குள் அவள் போகவில்லை. அந்தக் காலையில் அவள் எழுந்து பக்கத்தில் தொட்டுப் பார்ப்பாள், குளிர்ந்திருக்கும். யாரையும் கூப்பிட மாட்டாள். பல் விளக்கி, பால் காய்ச்சி, டிக்காஷன் கெட்டியாக இறக்கி ஒரு காபி. இட்லி ஊற்றி நாலு எடுத்துக்கொள்வாள், மிளகாய்ப்பொடிக்குக் குழி பறித்து எண்ணெய் விட்டு, ஒவ்வொன்றாக, நிதானமாக. கை கழுவித் துடைத்துக்கொண்டு அப்புறம் போனை எடுப்பாள். சேர் எங்கே வாடகைக்கு எடுப்பார்கள், தமயந்தி வந்துசேர எத்தனை மணி ஆகும், தம்பி வருவானா. அந்த நாலு இட்லியின் ருசி நாக்கில் வந்துவிட்டது, எச்சிலை விழுங்கினாள். தோளில் தேய்த்துக்கொண்டிருந்த கைக்கு ஒரு வேகமும் வந்திருந்தது. என் சாமி, நான் என்ன பிறவி என்றும் கூடவே தோன்றாமல் இல்லை. தோன்றியது, நின்றது, போய்விட்டது.

வெயிலும் எண்ணெயும் சேர்ந்து அவருக்குக் கண் செருகியது. எண்ணெய் வைத்தால் பகலில் தூங்கக் கூடாது, அவரே ஊருக்கெல்லாம் சொல்வார், சூடு தலைக்கேறிவிடும் என்று. ஆனால் இப்போதெல்லாம் உட்கார்ந்தால் தூக்கம்தான். சாப்பிடும்போது, கல்யாண வீட்டில், போன மாசம் லட்சுமி மில் சிக்னலில் ஸ்கூட்டர் மேலேயே தூங்கி விழுந்தார், அதற்கப்புறம்தான் தமயந்தி அடம்பிடித்து இந்த டாக்டரிடம் அனுப்பினாள். தாடை நெஞ்சில் இறங்கியது. குறட்டை மெதுவாகத் தொடங்கியது. அவள் காதுக்குப் பின்னால் தேய்த்துக்கொண்டிருந்தாள். குறட்டை ஏறியது, ஏறியது, அறுந்தது. பாகு மணம் வந்தது. அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. அவள் விரல் தானாக நின்று, தானாக எண்ண ஆரம்பித்தது. ஐந்து, ஆறு. பகலில் எண்ணுவது இதுதான் முதல் தரம், பகலில் நெஞ்சு அசையாமல் கிடப்பது நன்றாகவே தெரிகிறது. பன்னிரண்டு. முதுகின் மயிர்க்கால்களில் எல்லாம் எண்ணெய் பொட்டுப் பொட்டாக நின்றது. பதினைந்து. ஒரு எறும்பு துண்டின் ஓரமாக ஏறியது. பதினெட்டு. ஒருவேளை ராத்திரி வரைக்கும்கூடப் போகவேண்டாமோ, இங்கேயே, இந்த ஸ்டூலிலேயே. இருபது. இருபத்தொன்று. அவள் தன் மூச்சையும் நிறுத்திவைத்திருந்தாள்.

"எத்தனை வந்திருக்கு?" என்றார் பரமசிவம்.

கண்ணைத் திறக்கவில்லை. தலையும் நிமிரவில்லை. குரலில் தூக்கம் ஒரு துளிகூட இல்லை.

"கேக்குதேன்லா. இருபதா, இருபத்தொண்ணா?"

அவள் கையை எடுத்தாள்.

"விரல் தட்டுது உனக்கு. ராத்திரி மெத்தையில தட்டும், இப்பத் தலையில தட்டுது" என்றார். "போய் அந்தக் காகிதத்த எடுத்துட்டு வா."

எந்தக் காகிதம் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. உள்ளே போனாள். பீரோக் கைப்பிடியில் எண்ணெய், அரக்குச் சேலையில் எண்ணெய், போகாது இந்தக் கறை. கல்யாணத்துக்கு அம்மா எடுத்துக் கொடுத்த சேலை. பிரித்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"நாலாவது வரி. சத்தமாப் படி."

படித்தாள். இரண்டு நாள் முன்பிருந்தே. தலையிலும் உடம்பிலும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முழுவதையும் படித்தாள், ஷாம்பு வரைக்கும்.

"ஆஸ்பத்திரியில தமயந்திக்கு அனுப்பின இதே காகிதத்த அவ எனக்கும் போன்ல அனுப்பியிருந்தா, அன்னைக்கே" என்றார். "நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வியாழக்கிழமை சொல்லுவன்னு பாத்தேன், நேத்துச் சொல்லுவன்னு பாத்தேன். காலையில எந்திரிச்சு நாக்காலியில உக்காந்து அடுப்படியக் கவனிக்கேன், நான் மூச்சே விடல, நீ எண்ணெயக் காய வைக்க. அப்புறந்தான் செருமினேன்."

அடுப்புதான் முதல். ஆக அது தெரிந்துவிட்டது.

"தேய்ச்சு முடியட்டும்னு விட்டேன். மககிட்டயும் ஆச்சுன்னு சொல்லிட்ட, எம் முன்னாலயே. இனி நீ என்ன சாக்குச் சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்லல" என்றாள் செண்பகவல்லி.

"இன்னைக்கு டெஸ்ட் கிடையாது. திங்கக்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி மாத்திட்டேன். யாருக்கோ தேதி வேண்டாம்னு போச்சாம், வார வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. காரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

அடுத்த வீட்டு மிக்ஸி மறுபடி ஓடியது. அது நிற்கிற வரைக்கும் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவளுக்குப் பயம் இல்லை. இத்தனை வருஷத்தில் அவரிடம் பயமில்லாமல் நின்றது இந்த நிமிஷம்தான் போலிருக்கிறது.

"முன்னெல்லாம் இடிப்ப" என்றார். இப்போதுதான் கண்ணைத் திறந்தார், திறந்து கல்லைப் பார்த்தார். "விலாவுல. சில நாள் வலிக்கும்கூட. தெரியாதுன்னு நெனச்சியா? ஒரு நாள் நின்னு போச்சு. எந்த நாள்னும் தெரியும்."

"எங்கம்மா செத்த அன்னைக்கு" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சும் கேக்கலியே ஒரு வார்த்தை."

"என்னன்னு கேக்க? என்னைய இடின்னு கெஞ்சணுமா உங்கிட்ட?" குரல் கொஞ்சம் உடைந்தது, அதை அவர் செருமி மறைத்தார். "நீ இடிக்கமாட்டன்னு தெரிஞ்ச பெறகு பக்கத்துல படுத்து எப்படித் தூக்கம் வரும்? நாலு வருஷமா கண்ண மூடிக்கிட்டுக் கெடக்கேன். அசந்து கண் சொக்குனா உடனே பயந்து முழிக்கேன். ஸ்கூட்டர்ல விழுந்தேன்னா எதனால விழுந்தேன்? டாக்டர் கழுத்தை அளக்குதான். கழுத்துலயா இருக்கு வியாதி?"

அவள் அவரைப் பார்த்தாள். இரக்கம் வருகிறதா என்று காத்துப் பார்த்தாள், வந்தால் வரட்டும் என்றுதான் நின்றாள். நாலு வருஷம் இந்த மனுஷனும் இருட்டில் தூங்காமல் கிடந்திருக்கிறான். அவள் எண்ணிக்கொண்டிருந்தபோது சில ராத்திரி அது வெறும் நடிப்பாகக்கூட இருந்திருக்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டு, இப்போதாவது முழங்கை வருகிறதா என்று இவரும் எண்ணியிருப்பார். அந்த ஐம்பத்தொன்று? ஐம்பத்தொன்று நிஜம்தான், அவ்வளவு நேரம் யாராலும் பிடிக்க முடியாது. ஒரே மெத்தையில் இரண்டு பேரும் ஒரே கணக்கை எண்ணியிருக்கிறார்கள். இரக்கம் வந்தது என்று சொல்ல முடியாது. சந்தோஷம் வந்தது. பயந்திருக்கிறார். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல. அதை அவர் வாயாலேயே கேட்டாயிற்று, அந்தக் காலையில் காபிகூட வேண்டாம், இது போதும் என்று ஒரு கணம் தோன்றியது. மறு கணம் போதவில்லை.

பரமசிவம் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் குரல் திரும்ப வந்துவிட்டது.

"வியாழக்கிழமை டெஸ்ட். நாலஞ்சு நாள்ல மிஷின் தந்துருவான். அப்புறம் நீ இடிச்சா என்ன, இடிக்காட்டி என்ன. அது வரைக்கும் இந்த வீட்டுல வேற ரூம்ல போய்ப் படுக்கமாட்டேன், எனக்கு அது கேவலம். டெஸ்ட்டுக்கு முன்னால உனக்கு இன்னும் அஞ்சு ராத்திரி இருக்கு." கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தார். "காதுல ரெண்டு சொட்டு விடு. பாதியில விட்டா சளி பிடிச்சுக்கிடும்."

அவள் காகிதத்தைக் கல்லின் மேல் வைத்து அதன்மேல் போனை வைத்தாள், காற்றில் பறந்துவிடக் கூடாது. கிண்ணத்தை எடுத்தாள். விரலை முக்கி, காதின் மேல் பிடித்து, இரண்டு சொட்டு விட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறு காதைத் திருப்பிக் காட்டினார். அதிலும் இரண்டு சொட்டு. ஏச்சு இல்லை, அடி இல்லை, சனிக்கிழமை எண்ணெய் ஒருவழியாக முடிந்தது. அரை மணி ஊறவேண்டும். அதற்குள் வெந்நீர் விளாவி, சீயக்காய் கரைத்து, மிளகு ரசத்துக்குப் புளி ஊறப்போட வேண்டும். நின்ற இடத்திலேயே நின்று அவள் கட்டை விரலைச் சுண்டு விரலில் வைத்தாள். சனி. எண்ணெய் வழுக்கி விரல் அடுத்ததற்குப் போனது.

"அங்க நின்னு என்னத்த எண்ணுத?" என்றார், கண்ணை மூடியபடியே.

"ராத்திரிய" என்றாள் செண்பகவல்லி.